ஜும்ஆ நேரத்தில் எடுத்த அளவு

நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் இயந்திரங்களை அளந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதே காது சூடாகிறது. ஒரு மனிதன் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறான். சரி, பாதி கேட்டுக்கொண்டும் பாதி தூங்கிக்கொண்டும் இருக்கிறான். அந்த நேரத்தில் இன்னொருவன் வந்து அவனுடைய ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தராசில் ஏற்றி, "இது நோஞ்சான்" என்று எழுதி, எழுதியதைக் கொழும்புக்கும் அனுப்பிவிட்டால் ஆட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்?

திரும்பி வந்தபோது மேசையில் ஒரு தாள். தாளில் வேகத்தைக் காட்டி வரைந்த இரண்டு தூண்கள். ஒன்று நீலம்; எங்கள் யன்னலில் தெரியும் நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. மற்றது சிவப்பு, அதன் காலடியில் யாரோ மறந்துவிட்டுப் போன செங்கல் மாதிரிக் கிடந்தது. செங்கல் என்னுடையது.

பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த கொம்பனிக்காரர் நின்றார். களப்புக் கரை வெயிலில் கழுத்துப்பட்டி கட்டி நின்ற முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

"இது என்னது தம்பி?" என்றேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். வீட்டில் மனைவிக்கு இது தெரியும். நான் மெதுவாகப் பேசத் தொடங்கினால் அவள் பீங்கான் கோப்பைகளை எடுத்து உள்ளே வைப்பாள்.

"ஒப்பீடு அண்ணா. எங்கட சிஸ்டம், உங்கட சிஸ்டம். ரெண்டையும் ஓட்டிப் பாத்தம். ரிப்போர்ட் உங்கட ஹெட் ஒஃபிசுக்குப் போயிட்டு."

அந்தச் செங்கலால் யாருக்கு என்ன நட்டம் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் வீணாகக் கத்துவதாக நினைப்பீர்கள்.

யுத்தம் முடிந்து, கடலில் இருந்த தடைகளும் கழன்று, படகுகள் எட்டப் போகத் தொடங்கிய காலம் அது. கடல் நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் கரையில் ஒரு சின்ன ஆய்வு நிலையம். அங்கே கணினிகள் பலவற்றை ஒன்றோடொன்று கட்டி, ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வைத்திருந்தோம். வெளியார் வந்தால் கிளஸ்டர் என்போம். எங்களுக்குள் அதன் பெயர் ஜமாஅத். தனித்தனியாக விட்டால் ஒன்றுக்கும் உதவாது, சேர்ந்து நின்றால் மலையைப் புரட்டும். அவற்றைக் குளிர்ச்சியாகவும் உயிரோடும் வைத்திருப்பது என் வேலை. அவற்றைக் கொண்டு நாளைய கடலைக் கணக்குப் போடுவது ஒரு தங்கச்சியின் வேலை.

தங்கச்சி என்று நான்தான் கூப்பிடுவேன். அவர் படித்த படிப்புக்கு நான் எழுந்து நிற்கவேண்டும். தில்லையடியில் வீடு. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். அப்போது அவர் இடுப்புப் பிள்ளை. அவருடைய தம்பி கற்பிட்டிப் பக்கத்தில் ஃபைபர் படகில் போகிறான். நண்பகலில் லுஹர் தொழுது, சாப்பிட்டு, படகைத் தள்ளினால் அந்தியில் வலை விட்டு மறுநாள் காலையில்தான் கரை. அந்த இரவுக்குக் காற்று எப்படி, அலை எப்படி என்று படகு புறப்படும் முன்னரே எல்லாப் படகுகளுக்கும் சொல்லிவிடவேண்டும் என்பதுதான் தங்கச்சியின் ஒரே பிடிவாதம். படகு போன பிறகு சொல்லும் செய்திக்குப் பெயர் முன்னறிவிப்பு அல்ல.

ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து காற்றின் விபரம் காலையில் எங்களுக்கு வந்து சேரும். ஜமாஅத் அதை வாங்கி மளமளவென்று கணக்குப் போட்டுவிடும். பிறகு விடைகளை எழுதி வைக்கவேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்ளும். எல்லா இயந்திரங்களும் எழுதுவதற்கு ஒரே ஒரு சேமிப்புப் பெட்டிதான் இருந்தது. ஒற்றைக் கதவு வைத்த மண்டபத்தில் ஊரே நுழைந்த கதை. லுஹர் போய், பின்னேரத் தொழுகையான அஸரும் போய், படகுகள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போன பிறகு, "இன்று மாலை காற்று பலமாக வீசும்" என்று தொலைபேசிகளுக்குச் செய்தி போகும்.

தங்கச்சியின் தம்பி ஒருநாள் நிலையத்துக்கே வந்து கதிரையில் உட்காராமல் நின்றபடி சொன்னான்:

"ராத்தா, நடுக்கடல்ல சிக்னல் இல்ல. கரைக்கு வந்து இறங்கின பொறகுதான் உங்கட மெசேஜ் டிங் எண்டு விழுது. நேத்து ராவு காத்து வரும் எண்டு போட்டிருந்தீங்க. ஓம், மெய்தான். வந்திச்சு. நல்லா நனைஞ்சோம்."

தங்கச்சி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து இருமினேன்.

எழுதுவதற்கு ஏன் அவ்வளவு இருந்தது என்றும் கேட்பீர்கள். அதற்குக் காரணம் கணினி அல்ல, மானம். கரையோரம் நெடுக மீனவர் தங்கிப் படகு இறக்கும் வாடிகள். சில முஸ்லிம் வாடிகள், சில கத்தோலிக்க வாடிகள், சில சீசனுக்கு மட்டும் வந்து ஓலை கட்டுபவர்களுடையவை. தொடக்கத்தில் எல்லா வாடிகளுக்கும் சேர்த்து ஒரே அறிக்கையாகத்தான் கொடுத்தோம். படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள்.

"எங்கட வாடி ஏன் ரெண்டாவது?"

"வடக்கிலிருந்து தெற்குக்கு எழுதியிருக்கிறம் சம்மாட்டி."

"அப்ப தெற்கிலிருந்து எழுதுங்க."

"அப்படி எழுதினா எங்கட வாடியெல்லோ கடைசி!" என்றார் வடக்கிலிருந்து வந்தவர்.

"அகர வரிசை?" என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"நானா, நீங்க படிச்ச ஆளா, கலகக்காரனா?" என்று என்னைக் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணனுக்கு நானா என்பார்கள்.

இப்படியாக, ஒவ்வொரு வாடிக்கும் தனித்தனிக் கோப்பு என்று தீர்மானமானது. யாரும் யாருக்கும் கீழே இல்லை. காற்றுக்கு ஒன்று, அலைக்கு ஒன்று, நீரோட்டத்துக்கு ஒன்று. அதிலும் மணித்தியாலத்துக்கு ஒன்று. பூனைக்குட்டி போடுவது மாதிரிக் கோப்புகள் பெருகின. எல்லாம் சின்னச் சின்னவை. ஒவ்வொன்றையும் திறக்கவேண்டும், ரெண்டு வரி எழுதவேண்டும், மூடவேண்டும். எழுதும் நேரத்தை விடத் திறந்து மூடும் நேரம் அதிகம்.

இதற்கு மருந்துதான் இணைக் கோப்பு முறைமை. ஒரு பெட்டிக்குப் பதிலாகப் பல பெட்டிகள்; எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் எழுதலாம்; எது எங்கே கிடக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ள ஓர் இயந்திரம் தனியாக. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை நானே பழைய இயந்திரங்களில் போட்டு, விழுந்தெழும்பி ஓடவிட்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கும் இன்னொன்றைக் கொம்பனி பரீட்சைக்காகக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தது. இரண்டில் எது படகு போகும் முன் எழுதி முடிக்கும்? அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது கொழும்பிலிருக்கும் எங்கள் தலைமையகம். அந்த ஒப்பீடுதான் நான் குத்பாவில் இருக்கும்போது நடந்து முடிந்த ஒப்பீடு.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

"என்ன நேரம் தம்பி அளந்தீங்க?"

"ஒரு மணி மட்டில அண்ணா. ஹோல்ல ஒருத்தரும் இல்ல, ரெண்டு சிஸ்டமும் சும்மா கிடந்தது. நல்ல வசதியாப் போச்சு."

வேறு ஊர்களில் வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரதி எடுக்கும் வேலையை ஞாயிறு நள்ளிரவுக்கு வைப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் நிச்சயமாக வேலை செய்யாத நேரம் ஒன்றே ஒன்றுதான். ஆண்கள் பள்ளியில், பெண்கள் வீட்டில், எங்கள் நிலையப் பணிப்பாளர் டவுனில் சாப்பாட்டுக் கடையில். ஆகவே ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பிரதி எடுப்பு தானாகத் தொடங்கும்படி நான்தான் வைத்திருந்தேன். அந்தப் பிரதி முழுவதும் போய் இறங்குவது என்னுடைய இலவச முறைமைக்குள். அதாவது இந்த மகான் தன்னுடைய குதிரையை வெறும் முதுகோடு ஓட்டியிருக்கிறார். என்னுடைய குதிரை ஒரு வாரம் சேர்ந்த உப்பு மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அப்படியும் செங்கல் உயரத்துக்கு வந்ததே, அதற்கு ஒரு மாலை போடவேண்டாமா?

"எந்தக் கோப்ப எழுதிப் பாத்தீங்க?"

"ஒரு பெரிய ஃபைல். எழுதிட்டு உடனே வாசிச்சுப் பாத்தம். எல்லாரும் அப்படித்தான் செய்யிற."

"எவ்வளவு பெரிசு?"

சொன்னார். அது இயந்திரத்தின் நினைவகத்துக்குள்ளேயே கால் நீட்டிப் படுக்கக்கூடிய அளவு.

"தம்பி, இப்பதான் எழுதின ஒண்ட இப்பவே திருப்பிக் கேட்டா, அது இன்னும் மெமரியிலதான் சூடாக் கிடக்கும். டிஸ்க்கு வரைக்கும் போயிருக்காது. பிள்ளைக்கு ஒரு பாட்டச் சொல்லிக் குடுத்துட்டு அந்த நிமிஷமே கேட்டா ஒப்புவிக்கும்தான். ஒரு கிழமை கழிச்சுக் கேட்டுப் பாருங்க."

"அண்ணா, இது இன்டர்நஷனல் முறை."

"இன்டர்நஷனல் ஆக்கள் கற்பிட்டி வாடிக்குக் கோப்பு எழுதுறாங்களா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று பின்னர் தகவல் கிடைத்தது. எனக்கு ஞாபகமில்லை. கையில் இருந்த தொப்பியை மேசையில் வைக்கப் போய் பிளேன்டீக் கோப்பைக்குள் வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வந்தார். சிலாபத்துச் சிங்களவர். நல்ல மனிதர், நல்ல தமிழ். அவருடைய ஒரே குறை, படம் போட்ட எதையும் நம்பிவிடுவார்.

"ஐயோ நானா, இப்ப என்ன செய்ற? ரிப்போர்ட் போயாச்சே. தூண் எவ்வளவு வித்தியாசம் பாருங்க."

"சேர், நீங்க எங்கட கலியாணத்தில சஹன் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீங்கதானே?"

"ஆ! சாப்பிட்டிருக்கேன், சாப்பிட்டிருக்கேன்." முகம் மலர்ந்தது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவது. அவர் அதில் இறைச்சிப் பக்கம் பார்த்து உட்காரும் ஆள் என்று ஊரில் பேர்.

"ஒரு சஹன வச்சு ஆறு பேர் எவ்வளவு கெதியாச் சாப்பிடுறாங்க எண்டு இவர் அளந்திருக்கிறார். எங்கட பிரச்சின அது இல்ல சேர். எங்கட வீட்டுக்கு ஆயிரம் பேர் வாறாங்க. ஒவ்வொருத்தனும் எனக்குத் தனிச் சஹன் வேணும் எண்டு வாசல்ல நிக்கிறான். சோறு பத்தாம இல்ல. வாசல்ல நிண்டு ஆக்களை உட்கார வைக்கிற மனுஷன் செத்துப்போறான். எது எங்க கிடக்கு எண்டு பாக்கிற மெஷின்தான் அந்த மனுஷன். எந்த வீட்டு வாசல்காரன் கெட்டிக்காரன் எண்டுதான் நாங்க பாக்கணும்."

பணிப்பாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பி மிதந்த கோப்பையைப் பார்த்தார்.

"சரி. திங்கக்கிழமை அவங்கட. செவ்வாக்கிழமை உங்கட. உண்மையான வேலையக் குடுத்து ஓட்டுங்க. லுஹருக்கு முந்தி முடியுதா எண்டு பாப்போம்."

கதவருகே நின்ற தங்கச்சி ஒன்றுதான் சொன்னார்: "ரெண்டில ஒண்டு முடிஞ்சாப் போதும் நானா."

சனி ஞாயிறு நான் பட்ட பாட்டைப் பார்த்து என் பிள்ளைகள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கித் துடைத்து மறுபடி குத்தினேன். குத்திய பிறகு, சரியாகக் குத்தினேனா என்று பார்க்க மறுபடி பிடுங்கினேன். நிலையத்தின் காவலாளி தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கர். என்னை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானா, நான் வேணுமெண்டா எங்கட கோயில் அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்து வைக்கட்டா?" என்று கேட்டார். என் பயத்துக்கு மத வித்தியாசம் கிடையாது. எல்லாரையும் இரங்க வைக்கும்.

"வேணாம்" என்றேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, "சின்னதா ஒண்டு" என்றேன்.

திங்கள் காலை காற்றின் விபரம் வந்தது. கொம்பனியின் முறைமையில் வேலையை ஓட்டினோம். கணக்கு முடிந்தது, எழுத்துத் தொடங்கியது. முதல் கொஞ்ச நேரம் கோப்புகள் சரசரவென்று விழுந்தன. கழுத்துப்பட்டிக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் முகட்டைப் பார்த்தேன். பிறகு மெல்ல மெல்ல ஓட்டம் தளர்ந்தது. வாசல்காரனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. திரையில் ஒரு கோப்பின் பெயர் வந்து, நின்று, யோசித்து, அடுத்தது வந்தது. அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். கொஞ்சம் பொறுத்துக் கழற்றினார். லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள், தொழுகையும் முடிந்தது.

தங்கச்சியின் தொலைபேசி அடித்தது. தம்பி. ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்டது. படகுக்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"ராத்தா, போகவா? என்ன செல்லுது உங்கட பொட்டி?"

"இன்னும் முடியல்ல. கொஞ்சம் நில்லு."

"எனக்கு நிக்கலாம். சம்மாட்டிக்கு நிக்க ஏலாது. ஆள் இப்பவே எஞ்சின உதைக்கிறார்."

"கடலப் பாத்துப் போ" என்றார் தங்கச்சி. அவ்வளவு படித்து, அவ்வளவு இயந்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் அவருக்குச் சொல்ல இருந்தது அவருடைய உம்மா சொல்லும் அதே சொல்.

எழுத்து முடிந்தபோது அஸர் தாண்டிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நடைபாதையில் தனியாகப் போய் நின்று, ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒரு சின்ன ஆட்டம் ஆடினேன். காவலாளி பார்த்துவிட்டார். "நேரத்துக்கு முடிஞ்சுதா நானா?" என்றார். "முடியல்ல! அதுதான் சந்தோஷம்!" என்றேன். அவர் என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

செவ்வாய் என்னுடைய முறை. பிரதி எடுப்பை நிறுத்திவைத்தேன். ஏசியைக் கூட்டினேன். தங்கச்சி குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்தினார். கணக்கு முடிந்து எழுத்துத் தொடங்கியது. என் வாசல்காரன் திங்கட்கிழமை ஆளை விடக் கெட்டிக்காரன், நின்று யோசிக்கவில்லை. நான் கோப்புகளின் பெயர்களோடு சேர்ந்து வாய்விட்டு ஓதிக்கொண்டிருந்தேன். லுஹர் பாங்கு தொடங்கியபோது பெரும்பகுதி முடிந்திருந்தது. பாங்கு முடிந்தபோது இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் தொழப் போகவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும், திரைக்கு முன்னால் நின்று, "போடா, போடா, போடா" என்றுகொண்டிருந்தேன். முடிந்தது. அதற்குள் ஊர் தொழுது, சாப்பிட்டும் முடித்திருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். களப்பு வாய்க்கு வெளியே படகுகள் ஒவ்வொன்றாகச் சின்னதாகிக்கொண்டிருந்தன.

"அரைவாசி நேரம்!" என்று கத்தினேன். "அவங்களுக்கு அஸர் தாண்டிட்டு. எங்களுக்கு லுஹர் மட்டும்தான் தாண்டினது. இப்ப நான் போடுறன் பாருங்க ரெண்டு தூண். என்ட நீலம், அவங்கட சிவப்பு..."

"படகு போயிட்டு நானா."

தங்கச்சி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. கழுத்துப்பட்டிக்காரர், அன்றைக்குப் பட்டி கட்டாமலே வந்திருந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மட்டும் வாய் நிற்கவில்லை.

"கொஞ்சம்தானே தங்கச்சி பிந்தினது."

"கொஞ்சமா?" இப்போது அவருடைய குரல் எழும்பியது. "கரைய விட்டு ஒரு முழம் போனாலும் போனதுதான் நானா. நேத்தும் மெசேஜ் பிந்தினது, இண்டைக்கும் மெசேஜ் பிந்தினது. நீங்க ரெண்டு பேரும் யாருட பொட்டி கெதி எண்டு பாக்குறீங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து நீங்க தூணுக்குத்தான் சண்ட பிடிக்கிறீங்க. ஒருத்தராவது என்ட தம்பிக்குச் சண்ட பிடிச்சீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. யார் மேல் என்று தெரியாமல் ஆத்திரப்படுவதைப் போல் கொடுமை வேறில்லை. கொழும்பு மேல் படலாம், தூரம். கொம்பனிக்காரர் மேல் படலாம், அவர் முகம் அப்பாவி. கடைசியில் சம்மாட்டிமார் கையில் கிடைத்தார்கள்.

"எல்லாம் அந்த வாடிக்காரர்ட பெருமையால வந்தது! ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு கோப்பு எண்டு..."

நான் சொல்லிக்கொண்டே போக, தங்கச்சி திடீரென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"வாடிக்கு ஒண்டு எண்டுதானே சண்ட பிடிச்சாங்க?"

"ஓம்."

"மணித்தியாலத்துக்கு ஒண்டு எண்டு யார் கேட்டது?"

நான் கொம்பனிக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பணிப்பாளர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "யார் கேட்டது?" என்று எல்லாரையும் பார்த்தார்.

ஒருத்தரும் கேட்கவில்லை. அது வெளிநாட்டுக்காரர் எழுதித் தந்த கணிப்பு நிரலின் பழக்கம். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு கோப்பைத் திறப்பது, எழுதுவது, மூடுவது. காற்றுக்குத் தனி, அலைக்குத் தனி. நாங்கள் அதை வாடிகளால் பெருக்கினோமே தவிர, எதையாவது கழிக்கலாமா என்று யோசிக்கவேயில்லை. சம்மாட்டிமாரின் மானத்துக்குத் தேவை வாடிக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

"வாடிக்கு ஒரு சஹன் போதும் நானா" என்றார் தங்கச்சி. "நாம ஒவ்வொரு பிடி சோத்துக்கும் ஒவ்வொரு சஹன் வச்சுக் குடுத்திருக்கிறம்."

பின்னேரம் முழுக்க மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பணிப்பாளர் பணிஸும் பிளேன்டீயும் வரவழைத்துத் தந்துவிட்டு, ஒன்றும் விளங்காவிட்டாலும் போகாமல் இருந்தார். கொம்பனிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலை செய்தார். நல்ல வேலைக்காரர். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றையும் தாராளமாகச் சொல்லித் தந்தார். விடைகளை முதலில் ஒரு சில இயந்திரங்களிடம் சேர்த்து, அவை மட்டும் எழுதப் போனால் வாசலில் நெரிசல் இன்னும் குறையும். கோபிப்பதற்கு அவரும் கையை விட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மனிதனுக்குக் கோபிக்க ஒருத்தனாவது வேண்டாமா?

புதன் என்னுடையதில் ஓட்டினோம். எழுத்துத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு நான் பிளேன்டீ ஊற்றப் போனேன். சீனி போடும்போதே, "முடிஞ்சுது" என்றார் தங்கச்சி. நம்பாமல் ஓடி வந்து பார்த்தேன். லுஹருக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. வியாழன் கொம்பனியுடையதில் ஓட்டினோம். அதுவும் அப்படியே. உண்மையைச் சொன்னால், அவர்களுடையது ஒரு மயிரிழை வேகம். ஒரு மயிரிழைதான். அதை அளக்க நான் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

புதிய அளவுகளை எழுதி, இரண்டும் கிட்டத்தட்டச் சமம், பிழை எழுத்து முறையில்தான் இருந்தது, பெட்டியில் இல்லை என்று விளக்கி, பணிப்பாளர் கையொப்பத்தோடு தலைமையகத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தது. தங்களுக்கு ஏற்கெனவே கிடைத்த ஒப்பீட்டின்படி கொம்பனியின் முறைமையையே வாங்கத் தீர்மானித்துவிட்டார்களாம். கிடைத்த ஒப்பீடு என்றால் அந்த வெள்ளிக்கிழமைத் தாள். உப்பு மூட்டை சுமந்த என் குதிரை, குத்பா நேரம், மெமரியில் சூடாகக் கிடந்த கோப்பு, எல்லாம் சேர்த்துத்தான். அவர்கள் வாங்கியது முறைமையை அல்ல, நீலத் தூணை. யாராவது அவர்களுக்கு ஒரு பச்சைத் தூண் இன்னும் உயரமாக வரைந்து காட்டியிருந்தால் அதையும் வாங்கியிருப்பார்கள். எனக்கு இன்றுவரை இதில் சமாதானம் இல்லை. சமாதானம் வருவதற்கு நான் சம்மதிப்பதாகவும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை ஒன்று நடந்தது.

தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்கும் காலம், காற்று மாறிக்கொண்டிருந்தது. அன்றைய கணக்கில் பின்னேரத்துக்குப் பிறகு பலத்த காற்று என்று வந்தது. லுஹருக்குப் பாங்கு சொல்ல முதலே, வாடிகளில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், எல்லாத் தொலைபேசிகளுக்கும் செய்தி போய்விட்டது. தங்கச்சி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. இத்தனை நாளும் செய்தி பிந்தும் என்று பயந்தவனுக்கு அப்போதுதான் புதுப் பயம் பிடித்தது. நேரத்தோடு போன செய்தி பிழைத்துப்போனால்? யன்னலுக்குப் போய்த் தென்னோலை அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். ஒரு மனிதன் காற்றடிக்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்பது ஆகுமா என்று எந்த ஆலிமிடம் போய்க் கேட்பது?

அஸர் நேரம். களப்பு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. தங்கச்சியின் தொலைபேசி அடித்தது. ஒரு சம்மாட்டி. முன்பு, "எங்கட வாடி ஏன் ரெண்டாவது" என்று கேட்ட அதே ஆள். அவர் குரல் எங்களுக்கு மட்டுமல்ல, காவலாளிக்கும் கேட்டிருக்கும்.

"பிள்ள, என்ன கூத்து இது? காத்து வரும் எண்டு அனுப்பிட்டீங்க! ஒரு படகும் இறக்கல்ல! கடல் பீங்கான் மாதிரிக் கிடக்கு! ஐஸ் எல்லாம் கரையுது! எங்கட ஒரு நாள் தொழிலுக்கு யார் பதில் செல்ற? உங்கட பொட்டியா?"

"போனத் தாங்க, நான் கதைக்கிறன்" என்று பாய்ந்தேன். இயந்திரத்தில் சின்னப் பிழை, கொழும்பில் பெரிய பிழை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் என்று எல்லாமே நாக்கு நுனியில் வந்து நின்றன. தங்கச்சி ஒரு கையால் என்னைத் தடுத்து, மற்றக் கையால் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி, ஏச்சை முழுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் தம்பியின் குரலும் கேட்டது. அவனும் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, ஏசுறாங்க!" என்றேன்.

"ஏசட்டும் நானா" என்றார். "கரையில நிண்டுதானே ஏசுறாங்க."